ஒரு சட்டப் பிரிவின் வழியே பேரரசின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

இன்றைய அரசியலை விளக்கப் பேரரசு வரலாற்றைப் பொத்தாம்பொதுவாகப் படிப்பவர்கள், எல்லாமே காலனியத்தின் எச்சம் என்ற சோம்பேறி முடிவுக்குத்தான் வந்து சேர்வார்கள். ஒரே ஒரு சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு, அதன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வது மேல். ராஜதுரோகம் பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு அதற்கு ஏற்றது.

அது எப்போது, எந்த அச்சத்தால் நுழைந்தது என்பதை முதலில் பாருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே தயாரித்த 1837ஆம் ஆண்டு வரைவில் இருந்த இக்குற்றம், 1860இல் நிறைவேறிய சட்டத்தில் விடுபட்டு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த இஸ்லாமிய இயக்கமான வஹாபி இயக்கம் குறித்த கலக்கத்துக்கிடையே 1870இல்தான் சேர்க்கப்பட்டது. சட்ட வாசகத்தை வழக்குகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்: 1897இல் திலகர் வழக்கு நடந்தது, 1898இல் பிரிவின் சொற்கள் விரிந்தன, 1908இல் திலகர் தண்டிக்கப்பட்டு பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பப்பட்டார், அதே ஆண்டில் வ.உ.சி.யும் இதே பிரிவில் தண்டிக்கப்பட்டார்.

அடுத்து 1947ஐக் கடந்து செல்லுங்கள். பலர் நின்றுவிடுவது இங்கேதான். பேச்சுரிமைக்கான வரம்புகளிலிருந்து ராஜதுரோகத்தை அரசியல் நிர்ணய சபை நீக்கியது. 1951இல் நேரு இப்பிரிவை நாடாளுமன்றத்திலேயே கண்டித்தார். ஆனாலும் அது ஒழிக்கப்படவில்லை. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கோ பொது ஒழுங்குக் குலைவுக்கோ தூண்டும் பேச்சுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்யக்கூடிய குற்றமாக அதை மாற்றியது. பிரிட்டிஷார்கூட அதைச் செய்யவில்லை. ஆகவே, யார் விட்டுச்சென்றார்கள் என்பதைவிட, யார், எதற்காக வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியே ஆய்வாளருக்கு அதிகம் பயன்தரும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் இணையத்திலேயே கிடைப்பதால், இரண்டாம்நிலை நூல்களை நம்பியிருக்க வேண்டியதில்லை.

பிறகு பிற நாடுகளோடு ஒப்பிடுங்கள். பிரிட்டன் 2009இல் இக்குற்றத்தை ஒழித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2021இல் தன் ராஜதுரோகச் சட்டத்தை நீக்க வாக்களித்தது. மலேசியாவிலோ 1948ஆம் ஆண்டு ராஜதுரோகச் சட்டம் நீடிக்கிறது. ஒரே மூலத்திலிருந்து வந்தவை இப்படிப் பிரிந்திருப்பதால், காரணத்தை அந்தந்த நாட்டின் கட்சி அரசியலிலும் பாதுகாப்பு அச்சங்களிலும் தேட வேண்டும்.

கடைசியாக, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவைப் பழைய 124அ பிரிவுக்கு அருகில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். ராஜதுரோகம் என்ற பெயர் போய்விட்டது. ஆயுள் தண்டனை அப்படியே இருக்க, அதற்கு மாற்றான சிறைத்தண்டனையின் உச்சவரம்பு 3 ஆண்டுகளிலிருந்து 7 ஆண்டுகளாக உயர்ந்திருக்கிறது.