கீழ்ச் சட்டம் உளுத்தால் கதவையே தூக்கிப் போடாதீர்கள்

சிங்கப்பூர் டன்லப் தெருவில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள எங்கள் பழைய கடைவீட்டு மாடிக்கு ஆறு ஜன்னல் கதவுகள். பார்க்க வந்த காண்ட்ராக்டர், "எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசு போட்டுடலாம்ணே" என்றார். அவர் போன பிறகு, ஒவ்வொன்றையும் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். நான்கில் கீழ்ச் சட்டம் மட்டும்தான் உளுத்திருந்தது. மற்ற இடமெல்லாம் முனை இறங்கவே இல்லை. அத்தனையும் செங்கால் (chengal) என்ற கெட்டியான மரம். இதை எப்படித் தூக்கிப் போட மனசு வரும்?

முதலில் அனுமதி. எங்கள் தெரு இருக்கும் லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். இங்கே ஜன்னலில் கை வைக்குமுன் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். பழையதை முடிந்த மட்டும் பழுது பார்ப்பதுதான் அவர்களுடைய கொள்கையும்.

கழற்றும்போது இரண்டு பேர் வேண்டும். கனமான மரம், கீழே ஆட்கள் நடக்கும் தெரு. திருகாணியைத் தொடுமுன் கதவைக் கயிற்றால் உள்பக்கம் கட்டிவிடுங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்தித் தேயுங்கள். கதவுச் சட்டத்துக்குள் சாய்வாக அடுக்கியிருக்கும் சாய்பலகைகளை உருவும்போது ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். எங்களுடையதில் சட்டத்துக்குள் செருகியிருந்த ஓரத்தில் ஏற்கெனவே பென்சிலால் சீன எண்கள் இருந்தன. அந்தத் தச்சர் போட்ட வரிசையிலேயே திரும்பப் பொருத்தினேன்.

அப்புறம் உளுத்த பகுதி. மழைநீர் சாய்பலகைகளில் வழிந்து கீழ்ச் சட்டத்தில் தங்குகிறது, மூட்டு வழியாக உள்ளே இறங்குகிறது. அதனால் உளுத்த இடத்தோடு நிறுத்தாமல், நல்ல மரம் தெரியும் வரை வெட்டுங்கள். நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டினால் ஒட்டுக்கு அதிக இடம் கிடைக்கும். அதே ஜாதி மரத்துண்டை, ரேகை ஒரே திசையில் ஓடும்படி வைத்து, எபாக்ஸி பசையால் ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். முன்கூட்டியே துளை போடாமல் திருகாணியை ஏற்றினால் மரம் பிளந்துவிடும். இரும்புத் திருகாணி வேண்டாம், துருவேறி உப்பும். பித்தளை போதும்.

பக்கச் சட்டங்களின் மூட்டும் பொடிந்துபோயிருந்தால் புதுக் கதவுதான். அளவை மட்டும் சொல்லாமல் பழைய கதவையே தச்சரிடம் கொண்டுபோங்கள். பலகையின் எண்ணிக்கை, தடிப்பு, சாய்வு எல்லாம் ஒத்துவர வேண்டும்.

மாட்டுமுன் கதவின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், ஈரம் ஏறுவதே அங்கிருந்துதான். டிசம்பர் மழை விட்டதும் கீழ்ச் சட்டத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அந்த வாரமே கழற்றிவிடுங்கள்.