பூச்சு மிஷின் இறங்கியதும் ஆட்கள் முறுக்கிக்கொள்வது ஏன்? கான்ட்ராக்டர்கள் செய்யும் தவறுகள்

கலவையைப் பம்பால் ஹோஸ் வழியே தள்ளிச் சுவரில் பீய்ச்சும் சிமென்ட் பூச்சு மிஷினைச் சைட்டில் இறக்கிய பத்தாம் நாள் அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்கும். கேட்டால் "லேபர் ஒத்துழைக்கலை" என்று ஒரே பதில். மிஷினோடு ஆட்களுக்குப் பெரிய பகை ஏதும் கிடையாது. கூடவே வருகிற ரேட்டோடுதான் சண்டை.

மிஷின் வந்த அன்றே சதுர அடி ரேட்டைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கையால் பூசும் ஒரு செட்டில் 2 கொத்தனார், 2 சித்தாள். நாளைக்கு 250 சதுர அடி, ரேட் 20 ரூபாய் என்றால் 5,000 ரூபாய். கொத்தனாருக்கு 1,300, சித்தாளுக்கு 850 கொடுத்தது போக மேஸ்திரி கையில் 700 நிற்கும். மிஷினுக்கு ஆபரேட்டர், 3 கொத்தனார், 2 சித்தாள் என்று 6 பேர். ஆபரேட்டருக்கும் 1,300 என்றால் கூலி மட்டும் 6,900. ரேட்டை 10 ரூபாயாக்கினாலும் 1,000 சதுர அடி ஓடிய நாளில் 10,000 வரும், யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஹோஸ் அடைத்து 300 அடியோடு நின்ற நாளில் வருவது 3,000. மீதி 3,900 யார் பாக்கெட்டிலிருந்து போகும்? மேஸ்திரிதான் போட வேண்டும். அவரோ ஆட்களுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்து, அதைக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டிருப்பவர். முதல் எதிர்ப்பு பெரும்பாலும் அவரிடமிருந்து கிளம்புவதற்கு இதுதான் காரணம். பழகும் காலத்தில் நின்ற நாட்கள்தான் அதிகமாக இருக்கும்.

அதனால் முதல் 10 வேலை நாளுக்கு நாள் கூலி மட்டும் கொடுங்கள். தினமும் ஓடிய அடியை மேஸ்திரியையும் வைத்துக்கொண்டே அளந்து எழுதுங்கள். ரேட் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கரண்ட், சரக்கு, மிஷின் கோளாறு என்று வேலை நின்றால் அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, மிஷின் பின்னால் நிற்கும் கைகளைக் குறைப்பது. 12 மி.மீ. கனத்தில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 1.1 லிட்டர் கலவை பிடிக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் பம்பு, நல்ல கொத்தனார் ஒருவர் நாள் முழுக்கப் பூசும் 120 சதுர அடிக்கான கலவையை ஏழே நிமிடத்தில் சுவரில் அடித்துவிடும். ஆனால் மட்டப்பலகை இழுப்பது, தூக்குகுண்டு பார்ப்பது, மூலையும் ஜன்னல் ஓரமும் பிடிப்பது, மணியாஸ் கட்டையால் தேய்த்துச் சமமாக்குவது எல்லாம் இன்னமும் கை வேலைதான். 3 பேர் வேண்டிய இடத்தில் 2 பேரை விட்டால், கீழே மட்டம் முடிவதற்குள் மேலே அடித்தது இறுகிப்போகும். சுவர் அலை அலையாக நிற்கும், பழி கொத்தனார் தலையில் விழும். எப்போது அடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை மட்டம் போடுகிறவர் சொல்லட்டும். கலவை பீய்ச்சும் கன்னை (gun) சைட்டிலேயே அனுபவமான கொத்தனார் கையில் கொடுங்கள். மட்டத்துக்காகச் சுவரில் வைத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு கனம் விழ வேண்டும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஹோஸ் அடைத்தால் "வேணும்னே கெடுத்துட்டாங்க" என்பது மூன்றாவது தவறு. பி-சாண்டை (பூச்சுக்கான செயற்கை மணல்) சலிக்காமல் கொட்டினால் ஒரு கல் போதும், அடைத்துக்கொள்ளும். உலர்ந்த ஹோஸில் நேராகக் கலவையை விட்டால் சிமென்ட் பால் ஹோஸின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும், மணல் மட்டும் கட்டியாக நிற்கும். முதலில் கெட்டியான சிமென்ட் பால் ஓட்ட வேண்டும். வெயிலில் கிடக்கும் ஹோஸில் கலவையை வைத்துவிட்டு அரை மணி நேரம் டீக்குப் போனால் திரும்பி வரும்போது குழாய் முழுக்கக் கல். பம்புக்குள் சுழலும் திருகைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையான ஸ்டேட்டர் தேய்ந்தாலோ வோல்டேஜ் இறங்கினாலோ தள்ளும் வேகம் குறையும். இதில் ஆள் கெடுத்தது எது? நின்ற நேரத்தையும் காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும். ஸ்டேட்டர் ஒன்று ஸ்பேர் இருக்கட்டும்.

அடைத்த ஹோஸைக் கழற்றும் முன் பம்பைப் பின்னோக்கிச் சுற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஹோஸ் இணைப்பான கப்ளிங்கைத் தொட வேண்டும். அழுத்தத்தோடு திறந்து ஒருவர் முகத்தில் கலவை வெடித்தால், மறுநாள் அந்தப் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள். அதை எதிர்ப்பு என்று சொல்வது அநியாயம்.

நிரந்தர ஆட்கள் உள்ள நிறுவனங்கள் சட்டத்தையும் மறக்கிறார்கள். ஆட்குறைப்பில் முடியக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு கேட்ட 21 நாள் முன்னறிவிப்பை, 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் வைத்திருக்கிறது.

கடைசியாக, யார் கண்ணிலும் படாத தவறு. கலவை சுமக்கும் வேலை போனதும் "சித்தாள் நாளையிலிருந்து வேண்டாம்" என்று சொல்லிவிடுவது. பல சைட்டுகளில் அந்தப் பெண் அங்கேயே பூசும் கொத்தனாரின் மனைவி. அவரை நிறுத்தினால் கொத்தனாரும் மூட்டை கட்டுவார். சலிப்பது, தண்ணீர் அளவு வைப்பது, கேஜ் பார்ப்பது, சாயங்காலம் ஸ்பாஞ்ச் பந்து விட்டு ஹோஸ் கழுவுவது எல்லாவற்றையும் கொஞ்ச நாளில் அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். கற்றுக்கொண்ட பிறகு ஆபரேட்டர் கூலியைப் போடுங்கள். சித்தாள் கூலிக்கே மிஷினையும் ஓட்டச் சொன்னால் அடுத்த தகராறு அங்கிருந்து கிளம்பும்.