வெளிச் சமையல் மேடை கிரானைட்டில் எண்ணெய்க் கறை: நான் எடுத்த விதம்

திறந்த வெளியில் இருக்கிற எங்கள் சமையல் மேடையில், அடுப்பை ஒட்டிய கிரானைட் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் இறங்கிக் கருத்துப்போயிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேல் பிசுக்குதான் போகும், கல்லுக்குள் இறங்கியதை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, கறையைத் தாண்டியும் கொஞ்சம் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். அப்புறம் தாளை எடுத்து நன்றாகக் காயவிட வேண்டும், காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறி வரும். ஒரே தடவையில் முழுசாகப் போகாது. திரும்ப அப்பிய பிறகு இப்போது தேடினால்தான் தெரிகிறது.

அடுத்தது சீலர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்காதபடி கல்லில் ஊறவிடும் திரவம். அதை அடிக்கக் கல் நன்றாக உலர்ந்திருக்கணும், மழை பெய்திருந்தால் ஓரிரு நாள் பொறுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் உள்ளே இறங்குமுன் மேலேயே காய்ந்து படலம் கட்டிவிடும் என்பதால் சாயங்காலம் அடித்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டேன். மறுபடி எப்போது? நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், கால் மணி நேரத்தில் கல் கருத்தால் அடிக்கும் நேரம் வந்தாச்சு.

மார்பிள் போட்டிருந்தால் கதையே வேறு. எலுமிச்சையோ வினிகரோ பட்டு வெளுத்த தடம் கறை இல்லை, அமிலம் கல்லை அரித்தது; அதற்குச் சோடாவும் உதவாது, சீலரும் தடுக்காது, மறுபாலிஷ்தான்.