ஃபார்மட் செய்யச் சொன்னால் கேன்சலை அழுத்துங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். லயத்து வீட்டுப் படம், கோயில் தீமிதி, தாத்தா வாளியோடு மரம் சீவப் போகும் காட்சி எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கும். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. திரும்பப் போய் எடுக்க முடியாத படங்கள் அவை. நான் பார்த்தவரை, டிஸ்கில் கோளாறு வந்ததால் தொலைந்ததைவிட, கோளாறைக் கண்டு பதறிச் செய்த வேலையால் தொலைந்த படங்கள்தான் அதிகம்.

முதல் தவறு ஃபார்மட், அதாவது டிஸ்கை வெறுமையாக்கிப் புதிதாக அமைப்பது. டிஸ்கைச் செருகியதும், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கணினியால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ‘குயிக் ஃபார்மட்’ கொடுத்தால் அந்த அட்டவணைதான் போகும். புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்த மாதிரி. பிறகும் பலவற்றை மீட்க வாய்ப்புண்டு. ஆனால் விண்டோஸின் விஸ்டா பதிப்பிலிருந்து, முழு ஃபார்மட் கொடுத்தால் விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. டிவியில் செருகும்போதும் கவனம் வேண்டும். நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் போனால் பல டிவிகள் இதே கேள்வியைக் கேட்கும்; வீட்டில் யாராவது யோசிக்காமல் சரி கொடுத்துவிடுவார்கள்.

கேன்சல் கொடுத்துவிட்டு வயரைப் பாருங்கள். கையடக்க டிஸ்குகள் பலவற்றில் ஒரு முனை தட்டையாக, இரண்டு துண்டு ஒட்டியதுபோல இருக்கும். அந்த முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். லேசாகத் தொட்டாலே விளக்கு அணைந்து எரிந்தால் வயரை மாற்றுங்கள். மின்சாரமும் அதே வயரில்தான் வருகிறது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. ஒரு போர்ட்டைப் பலவாக்கித் தரும் ஹப்பில், அதற்குத் தனி அடாப்டர் இல்லாதபோது, நாலைந்து பொருள்களோடு செருகினால் டிஸ்க் சுழலவே திணறும். கணினியின் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள், வேறொரு கணினியிலும் பாருங்கள்.

‘டக் டக்’ என்று விடாமல் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். படிக்கும் முனை கெட்டிருந்தால், ஓட ஓட, படங்கள் பதிந்திருக்கும் சுழல் தட்டையே அது சுரண்டிவிடும். ஃபிரிட்ஜில் வைப்பது, ஃபோன் கடையில் திறந்து பார்க்கச் சொல்வது இரண்டும் வேண்டாம். தூசியில்லாத அறையில் வேலை பார்க்கும் மீட்பு நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். செலவு அதிகம்தான், ஆனால் முதல் முயற்சியிலேயே அங்கே போனால்தான் பலன்.

சத்தம் எதுவும் இல்லை, தவறுதலாக அழித்துவிட்டீர்கள் என்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் உதவும். மீட்கும் படங்களை அதே டிஸ்கில் சேமிக்கவே கூடாது. மீட்க வேண்டிய படத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

எஜெக்ட் கொடுக்காமல் டிஸ்கைப் பிடுங்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து எஜெக்ட் கொடுக்காமலே கழற்ற வழிசெய்யும் ‘விரைவாக அகற்றல்’தான் இயல்பு அமைப்பு என்பது உண்மை. அதற்காக, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம் என்று அர்த்தமில்லை. மேக் கணினியில் எப்போதும் எஜெக்ட் கொடுத்தே ஆக வேண்டும். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகள் சில உண்டு. 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோவை ஃபேட்32 என்ற முறை ஏற்காது என்பதால் பலரும் எக்ஸ்ஃபேட்டுக்கு மாறுகிறார்கள். பாதியில் பிடுங்கினால் எக்ஸ்ஃபேட், விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸைவிடச் சுலபமாகக் குழம்பும். எஜெக்ட் கொடுக்கும்போது ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்தால் கணினியையே அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

வேலை முடிந்த டிஸ்கைச் செருகியபடி விட்டுவிடாதீர்கள். சாயங்கால இடிமழை நமக்குத் தெரியாததில்லை. மின்னல் வீட்டுக் கம்பி வழியே இறங்கினால் கணினியோடு டிஸ்கும் போகும். 2017-இல் பரவிய வான்னாக்ரை போன்ற மிரட்டல் வைரஸும் இணைந்திருக்கும் டிஸ்கைச் சேர்த்தே பூட்டிவிடும்.

பிரிண்ட் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து ஷார்ட்கட்டுகள் மட்டும் தெரிந்தால், எதையும் கிளிக் செய்யாமல் முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள். பெரும்பாலும் ஃபைல்கள் மறைக்கப்பட்டிருக்குமே தவிர அழிந்திருக்காது. ஐம்பது வெள்ளிக்கு 16 டிபி என்று இணையத்தில் விற்பவை போலி. உள்ளே சிறிய சிப்பை வைத்துக் கணினியிடம் பொய்க் கணக்குக் காட்டுவார்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவியால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் பார்த்த பிறகுதான் படங்களை வையுங்கள்.

இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து, ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி, புதுப் படங்களைச் சேர்த்து அனுப்புங்கள். அப்படியே பழைய படங்கள் சிலவற்றையும் வீடியோக்களையும் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். ஃபைலின் பெயர் தெரிந்தும் உள்ளே திறக்காத நகல்கள் உண்டு.