ஆடிக் காற்றை நம்பி நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வாங்குவது?

தமிழ்நாட்டுக்கு மின்சாரம் வாங்கும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை இரவு ஏழரை மணிக்குக் காற்றாலைகள் எவ்வளவு தரும்? இந்தக் கேள்விக்கு "2,600 மெகாவாட்" என்று ஒற்றை எண் வந்தால் அந்தக் கணிப்பைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கேட்டு வாங்க வேண்டியவை மூன்று எண்கள்: பத்து நாளில் ஒரு நாள்தான் அதற்குக் கீழே இறங்கும் என்கிற எண், நடு எண், பத்து நாளில் ஒரு நாள்தான் அதைத் தாண்டும் என்கிற எண். ஒரு நாளின் 96 பிளாக்குகளுக்கும், அதாவது ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும், இவை தனித்தனியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். விசிறி முழுத் திறனை எட்டும்வரை, மின்சாரம் காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கை (வேகம் × வேகம் × வேகம்) ஒட்டி ஏறும். வேகக் கணிப்பில் 10 சதவீதம் பிசகினால் மின்சாரத்தில் சுமார் 30 சதவீதம் பிசகும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிப்பதும் பாலக்காட்டுக் கணவாய் வழியே பல்லடம், உடுமலைப் பக்கம் வருவதும் ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அதனால் ஓரிடத்துப் பிழையை இன்னோரிடம் ஈடுகட்டும் என்று பெரிதாக நம்ப வேண்டாம்.

இனி கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். இரவு 7.30 பிளாக்கில் மின்தேவை 16,500. அனல், அணு, புனல், மத்தியத் தொகுப்பு எல்லாம் சேர்ந்து உறுதியாக வருவது 13,400. மீதி 3,100 மெகாவாட்டைக் காற்றும் சந்தையும்தான் நிரப்ப வேண்டும். காற்றின் மூன்று எண்கள் 1,700, 2,600, 3,300. நடு எண்ணைப் பிடித்துக்கொண்டு 500 மெகாவாட் வாங்குவதுதான் வழக்கமான தவறு.

முதலில் இரண்டு நஷ்டங்களைக் கணியுங்கள். மறுநாள் சந்தையில் (நாளைய மின்சாரத்தை இன்றே ஏலத்தில் வாங்கும் சந்தை) யூனிட் 6 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். குறைவாக வாங்கிவிட்டால் கடைசி நேரத்தில் 10 ரூபாய் கொடுக்க வேண்டிவரும், நஷ்டம் 4. கூடுதலாக வாங்கிவிட்டால் யூனிட் 4 ரூபாய் எரிபொருள் செலவுள்ள அனல் அலகைக் குறைத்து ஓட்ட வேண்டும், நஷ்டம் 2. இப்போது 4-ஐ, 4+2-ஆல் வகுங்கள்: 0.67. மூன்றில் இரண்டு பங்கு சந்தர்ப்பங்களில் போதுமான அளவுக்கு வாங்க வேண்டும் என்று இதற்குப் பொருள். அதாவது, மூன்றில் ஒரு பங்கு சந்தர்ப்பங்களில் மட்டுமே காற்று கீழிறங்கும் அளவை எடுக்க வேண்டும். 1,700-க்கும் 2,600-க்கும் இடையே நேர்கோடு போட்டால் அது சுமார் 2,225. வாங்க வேண்டியது 875 மெகாவாட். ஒரு பிளாக்குக்கு 2,18,750 யூனிட், சுமார் 13 லட்சம் ரூபாய்.

ஆடி நள்ளிரவில் இதே கணக்கு தலைகீழாகும். அனல் அலகுகளைப் பொதுவாக 55 சதவீதத்துக்குக் கீழே இறக்க முடியாது. காற்றாலையை நிறுத்தச் சொல்வது கடைசி வழி. அங்கே உபரிதான் வலிக்கும், ஆகவே நடு எண்ணை வைத்துக் கணக்கிட்டால் வரும் அளவைவிடக் குறைவாகவே வாங்குங்கள். ஒரே விகிதத்தை 96 பிளாக்குக்கும் போடுகிறவர்கள் மாலையில் மிச்சப்படுத்தியதை நள்ளிரவில் தொலைக்கிறார்கள்.

மறுநாள் சந்தையில் ஏலம் கேட்கும் நேரம் காலை 10 முதல் 12 வரை. அதன் பிறகு திருத்திக்கொள்ள, 2020 ஜூன் 1 முதல் நிகழ்நேரச் சந்தை இருக்கிறது: நாளொன்றுக்கு 48 ஏலங்கள், ஒவ்வொன்றும் இரண்டு பிளாக்குக்கு. 7.30 முதல் 8 வரை வேண்டிய மின்சாரத்துக்கு மாலை 6.15 முதல் 6.30-க்குள் கேட்க வேண்டும். அதற்குள் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் காற்று எப்படி என்பது கண்முன்னே தெரியும், பிழையும் பாதியாகலாம். ஆனால் மாலை உச்சத்தில் எல்லா மாநிலமும் அதே கதவைத்தான் தட்டும். விலை 10 ரூபாய் உச்சவரம்பில் முட்டினால், கேட்ட அளவு முழுதாகக் கிடைக்காது. சூரியன் சாயும் நேரத்துத் தேவையை இந்தச் சந்தைக்கென்று விட்டுவைக்காதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் நேரம் தவறுவது இன்னொரு வகைப் பிழை. காற்று முக்கால் மணி தாமதமாக ஏறினால் மூன்று பிளாக் காலி. பிளாக்வாரியான எண்கள் இதைக் காட்டாது. கணிப்புக் கோட்டை முன்னும் பின்னும் மூன்று பிளாக் நகர்த்தி, எங்கே பள்ளம் விழுகிறது என்று பாருங்கள். மறக்கக் கூடாத இன்னொன்று: காற்று, சூரியன், தேவை மூன்றின் மோசமான எண்களையும் அப்படியே கூட்டாதீர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடுவது அபூர்வம்; வீணாகக் கூடுதல் வாங்குவீர்கள்.

இருப்பதை எல்லாம் ஓடவிட்டு, அவசரத்துக்குக் கையிருப்பு இல்லாமல் நிற்கவும் கூடாது. கூடங்குளத்தில் ஒரு 1,000 மெகாவாட் அலகு டிரிப்பானால் (திடீரென நின்றுபோனால்) தமிழ்நாட்டுக்குப் போவது பாதிக்கு மேல். அதற்கு ஈடாகப் புனல் மின்சாரத்தை ஒதுக்கி வையுங்கள். கீழிருந்து தண்ணீரை மேலேற்றி வைத்து ஓடும் கடம்பாறைப் புனல் நிலையத்தின் 400 மெகாவாட்டை நம்புவதென்றால், மேல் அணையில் மாலைக்கு முன்பே தண்ணீர் இருக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் பிரதமர் கேட்டுக்கொண்டபடி 2020 ஏப்ரல் 5 இரவு நடந்த ஒன்பது நிமிட விளக்கணைப்புக்கு 12,000 முதல் 14,000 மெகாவாட் தேவை குறையும் என்று நாட்டளவில் கணித்தார்கள். குறைந்ததோ 31,000-ஐத் தாண்டியது. கணிப்பு பொய்த்தும் மின்கட்டமைப்பு விழவில்லை. நினைத்த மாத்திரத்தில் இறக்கி ஏற்ற முடிந்த 17,000 மெகாவாட்டுக்கும் மேலான புனல் மின்சாரம் அன்று பெருமளவு தாங்கியது.

மாதம் ஒருமுறை கணிப்பையே சோதியுங்கள். 30 நாளில் 2,880 பிளாக். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய 2,300 விழ வேண்டும். 1,900 மட்டும் விழுந்தால் இரண்டுக்கும் இடையிலான பட்டை குறுகலாக இருக்கிறது, விரிக்கச் சொல்லுங்கள். 2,800 விழுந்தால் கணித்தவர் பயந்து விரித்திருக்கிறார். மாலை பிளாக்குகளைத் தனியாக எண்ணுங்கள். மொத்தத்தில் சரியாகத் தெரிவது அங்கே சொதப்பியிருக்கும். எண்ணும் முன் அளவீட்டுத் தரவையும் பாருங்கள்: ஒரே எண் நான்கைந்து பிளாக் அசையாமல் நின்றால் காற்று நிலையாக அடித்ததாக நினைக்க வேண்டாம், தகவல் இணைப்பு அறுந்திருக்கும்.