பைக் நிகழ்ச்சிகளைத் தவறவிடாமல் குறித்துவைப்பது எப்படி?

நண்பர்கள் பகிரும் படங்களைப் பார்த்த பிறகுதான் அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்ததே பலருக்கும் தெரியவருகிறது. சிலர் தேதியைக் குறித்துவைத்தும் கோட்டைவிடுகிறார்கள். நிகழ்ச்சி நடக்கும் நாளைவிட, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய கடைசி நாளே முக்கியம்.

படி 1: கைபேசி நாட்காட்டியில் 'பைக்' என்ற பெயரில் தனி நாட்காட்டி ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தனி நிறம் கொடுங்கள். அட்டவணை போட்டுப் பத்துப் பத்தி நிரப்பும் ஆசை வரும். வேண்டாம், பராமரிக்க மாட்டீர்கள்.

படி 2: பெரிய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே பருவத்தில்தான் வரும். அமெரிக்காவின் டேடோனா பைக் வீக் மார்ச்சில், ஸ்டர்ஜிஸ் பேரணி ஆகஸ்டில். ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயம் மே இறுதியில் தொடங்கி ஜூனில் முடியும். இத்தாலியின் மிலான் நகரில் எய்க்மா பைக் கண்காட்சி நவம்பரில். சரியான தேதி தெரியாவிட்டாலும் அந்தந்த மாதத்தின் முதல் நாளில் கேள்விக்குறியோடு பெயரை எழுதி, ஆண்டுதோறும் திரும்ப வருமாறு அமையுங்கள்.

படி 3: தேதியை உறுதிசெய்யுங்கள். அமைப்பாளரின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். கைமாறி வரும் சுவரொட்டிகளில் ஆண்டே இருக்காது, போன வருடத்ததாகவும் இருக்கலாம். பழக்கமான மாதமும் மாறக்கூடும். நேர்த்தியாக உடுத்திக்கொண்டு உலகின் பல நகரங்களில் ஒரே நாளில் பைக்கில் போகும் டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு 2012இல் தொடங்கி, 2020 வரை பெரும்பாலும் செப்டம்பரில் நடந்தது. 2021 முதல் மே மாதத்துக்குப் போய்விட்டது. ஐல் ஆஃப் மேன் டிடி 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் நடக்கவே இல்லை. மோட்டோஜிபி போன்ற பந்தயங்களுக்கு முதலில் வருவது தற்காலிக அட்டவணைதான். அதை நாட்காட்டிக் கோப்பாகத் தந்தால், ஒருமுறை இறக்கிச் சேர்ப்பதைவிட இணைப்பைக் கொடுத்துச் சந்தா செய்வது மேல். இறக்கிய பிரதி அப்படியே நின்றுவிடும். சந்தா செய்தது, அமைப்பாளர் மாற்றும்போது தானும் மாறும்.

படி 4: இதுதான் முழு வேலையின் உயிர். போக நினைக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதற்கு முந்தைய நாட்களைத் தனித்தனிப் பதிவாக எழுதுங்கள்: முன்பதிவு திறக்கும் நாள், விடுதி பிடிக்க வேண்டிய நாள், விடுப்பு கேட்க வேண்டிய நாள், பைக்கை சர்வீஸுக்கு விட வேண்டிய வாரம். ஐல் ஆஃப் மேன் ஒரு தீவு. கப்பலிலோ விமானத்திலோதான் போக முடியும். பைக்கையும் கொண்டுபோவதென்றால் கப்பல்தான் வழி. பந்தய வாரங்களுக்கான கப்பல் இடமும் தங்குமிடமும் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஏப்ரலில் வரும் நினைவூட்டல் அங்கே எதற்கும் உதவாது. சர்வீஸையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்: டயரோ செயினோ மாற்ற வேண்டியிருந்தால், உதிரிபாகம் வந்துசேரும் வரை காத்திருக்க நேரிடும்.

பக்கத்தில் நடக்கும் ஞாயிறு காலை ரைடுக்கு இவ்வளவு தேவையில்லை. முந்தைய இரவு ஒரு நினைவூட்டல் போதும்.

படி 5: பெயருக்கு முன்னால் நிலையை எழுதுங்கள். கேள்விக்குறி என்றால் யோசனை, 'பதிவு' என்றால் பணம் கட்டியாயிற்று. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே வார இறுதியில் மோதினால் ஒன்றை அப்போதே நீக்குங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் இரண்டுக்கும் போவதில்லை. பணம் கட்டிய பதிவிலேயே ரசீது எண்ணையும், ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுதிவையுங்கள்.

போய் வந்த வாரத்திலேயே, முன்பதிவு எப்போது திறந்தது, எங்கே தங்கினீர்கள் என்பதை அதே பதிவில் சேர்த்து, அடுத்த ஆண்டு முன்பதிவுக்கான நினைவூட்டலையும் போட்டுவிடுங்கள்.