அன்ட்ரிம் கடற்கரை பஸ் டூர்: வலது பக்க ஜன்னல்

வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டில் பஸ் கிளம்பக் கால் மணி நேரம் முன்பே போய் வலது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். வடக்கே போகும்போது கடல் அந்தப் பக்கம்தான். நான் இடது பக்கம் உட்கார்ந்து ஆடுகளை எண்ணிக்கொண்டு போனேன்.

அயர்லாந்து குடியரசின் டப்ளினில் ஏறும் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் கவனிக்க: வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும், பிரிட்டனுக்கும் செல்லுபடியாகும் விசா வேண்டும். செலவுக்கு யூரோ அல்ல, பவுண்டு.

காரிக்-அ-ரீட் கயிற்றுப் பாலம் 20 மீட்டர் நீளம். கடல் 30 மீட்டர் கீழே. டிக்கெட் டூரில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். காற்று பலமானால் மூடிவிடுவார்கள். நாங்கள் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

ஜயண்ட்ஸ் காஸ்வேதான் முக்கியம். எரிமலைக் குழம்பு ஆறி விரிசல் விட்டு உருவான சுமார் 40,000 கல் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போட ஐரிஷ் புராண வீரன் ஃபின் மெக்கூல் போட்ட பாதை என்று வழிகாட்டி கதை சொல்வார். நமக்கு உடனே சேது பாலம் ஞாபகம் வரும். பார்வையாளர் மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் இறக்கம். போகும்போது நடங்கள், திரும்ப சின்ன பஸ் உண்டு. அலையோரக் கறுப்புக் கற்கள் வழுக்கும். குடை வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். அப்புறம், புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு வரிசையில் அரை மணி நேரம் போகாது.